மரத்தரைக்கு அடியில் எதைப் போடுவது? சென்னை ஈரமும் கறையானும் கற்றுக்கொடுத்த கணக்கு

மடிப்பாக்கத்தில் அப்பா அறையில் மரத்தரை போட்டு நாலு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் பீரோவை நகர்த்திவிட்டுப் பெருக்கும்போது அம்மாவின் கால் கட்டைவிரல் பலகைக்குள் இறங்கிவிட்டது. மேலே பாலிஷ் பளபளவென்று இருந்தது, உள்ளே அப்பளம். பெயர்த்துப் பார்த்தால், அடியில் விரித்திருந்த காகிதம் மாதிரியான பழுப்பு ஃபெல்ட் பாதிக்கு மேல் காணோம். அது இருந்த இடத்தில் ஈர மண் ஓடை ஓடையாகப் போயிருந்தது. பூச்சி மருந்து அடிக்க வந்தவர் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இதுங்க நேரா மரத்துக்கு வரல. காகிதத்தைத் தின்னுட்டுத்தான் மேல ஏறியிருக்குங்க. நீங்களே இலை போட்டுப் பந்தி வெச்சிருக்கீங்க."

அந்தத் தரையைப் போட்டுக்கொடுத்தவர்கள் மரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். அடியில் போடுவதைப் பற்றிப் பேசியது அரை நிமிடம்கூட இருக்காது. "அண்டர்லே எல்லாம் நாங்களே போட்டுடுவோம் சார், அது ஃப்ரீ." நானும் தலையாட்டினேன்.

அதே அறைக்கு மறுபடி தரை போட வேண்டியிருந்தது. அதே சமயம் திருவான்மியூரில் நாலாவது மாடியில் இருக்கும் அக்காவும் படுக்கையறைக்கு மரத்தரை வேண்டும் என்றாள். ஒன்று மண்மேல் உட்கார்ந்திருக்கும் பழைய தனிவீடு, இன்னொன்று தூண்மேல் நிற்கும் அடுக்குமாடி. இரண்டுக்கும் ஒரே அண்டர்லே சரிப்படுமா என்று கடை கடையாக ஏறி, ஆசாரிகளிடம் கேட்டு, பெயர்த்தெடுத்ததை எல்லாம் புரட்டிப் பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவுகள் இவை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டு வீட்டுக்கும் ஒரே பதில் கிடையாது.

தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறது?

கடையில் அண்டர்லே என்று கேட்டால் சத்தம் குறையும், காலுக்கு மெத்தென்று இருக்கும் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் இந்த ஊரில் அவை மூன்றாவது, நாலாவது கேள்விகள். முதல் கேள்வி ஈரம்.

தரைத்தள வீட்டில் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணைப் பக்கமெல்லாம் சதுப்பும் ஏரியுமாக இருந்த இடம். தி.நகரே 1920-களில் ஏரியைத் தூர்த்து உண்டானதுதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், சிமென்ட் தளம் அதைத் திரிபோல உறிஞ்சும். எங்கள் வீட்டில் இன்னொரு கூத்தும் நடந்திருந்தது. தெருவில் பழைய ரோடுமேலேயே புது ரோடு போட்டுப் போட்டு வீடு பள்ளமாகிவிட, மழைநீர் உள்ளே வராமல் இருக்க அப்பா காம்பவுண்டுக்குள் மண் கொட்டி உயர்த்தியிருந்தார். அதில் அம்மா கறிவேப்பிலையும் செம்பருத்தியும் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றினார். வெளியே இருக்கும் மண் உள்தரையை விட நாலு அங்குலம் உயரம். சுவரின் அடியில் ஈரம் ஏறாமல் இருக்கப் போட்ட தடுப்பு எப்போதோ மண்ணுக்குள் போய்விட்டது. இப்படி ஒரு வீட்டில் எந்த அண்டர்லேயைப் போட்டாலும் தோற்கத்தான் செய்யும். நாங்கள் முதலில் செய்த செலவு அண்டர்லேக்கு அல்ல, சுவரை ஒட்டி முக்கால் அடி மண்ணை வெட்டி எடுக்கத்தான்.

மாடி வீட்டில் மண் ஈரம் கிடையாது. ஆனால் ஏ.சி. இருக்கிறது. வெளியே 32 டிகிரி வெயில், காற்றில் 75 சதவீத ஈரம் என்றால் அந்தக் காற்று 27 டிகிரிக்குக் குளிர்ந்தாலே நீர் பூக்க ஆரம்பிக்கும். அக்கா அறையில் இரவெல்லாம் 23 டிகிரியில் ஏ.சி. ஓடுகிறது. கீழ்வீட்டு அறையில் ஏ.சி. இல்லை, நடுவில் இருக்கும் கான்கிரீட் தளத்தின் அடிப்பக்கம் அந்தப் புழுக்கத்தில் ஊறுகிறது. ஈரம் எப்போதும் புழுக்கமான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு நகரும். ஆக, நாலாவது மாடியிலும் ஈரம் கீழிருந்துதான் மேலே வருகிறது, தரைத்தள வீட்டை விட மெதுவாக. காலையில் பால்கனிக் கதவைத் திறந்தால் கடற்காற்று நேராக வந்து குளிர்ந்த தரையில் படிவது தனி.

மரத்துக்கு இது வெறும் நனைவது, காய்வது என்ற விஷயம் இல்லை. ஜன்னல் திறந்தே இருக்கும் அறையில் மரம் 13, 14 சதவீத ஈரத்தில் நிற்கும். ஏ.சி. ஓடி அறைக்காற்றின் ஈரம் 50 சதவீதத்துக்கு வந்துவிட்டால் 9 சதவீதம்வரை இறங்கும். ஐந்து அங்குல அகல ஓக் பலகை இந்த ஐந்து சதவீத ஏற்ற இறக்கத்தில் குறுக்கே 2 மி.மீ.க்கு மேல் விரிந்து சுருங்கக்கூடும். தேக்கு என்றால் சுமார் 1 மி.மீ.தான். தேக்கை நம் ஆட்கள் சும்மா தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை. பலகையின் அடிப்பக்கம் மட்டும் ஈரம் குடித்தால் ஓரங்கள் மேலே எழும்பி ஒவ்வொரு பலகையும் தொன்னை மாதிரி ஆகிவிடும். அடியில் போடுவது எதுவானாலும் அதன் முதல் வேலை இதைத் தடுப்பது.

நாலாவதாக ஒரு தண்ணீர் உண்டு. அது நம் வாளித் தண்ணீர். தினமும் ஈரத்துணியால் துடைத்தால்தான் வீடு சுத்தம் என்று நம்பும் ஊர் இது. பாத்ரூம் வாசலில் சொட்டும் கால், வாஷிங் மெஷின் குழாய், ஏ.சி. வடிகால் பைப் அடைத்துக்கொண்டு ஒழுகுவது எல்லாம் இதில் சேரும். இது மேலிருந்து வருவது. இதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், ஏனென்றால் நல்ல அண்டர்லே ஒன்று இந்த இடத்தில் எதிரியாகிவிடுகிறது.

யார் யார் விருந்தாளிகள்?

நம் வீட்டு மரத்தைத் தின்பது ஒரே ஆள் இல்லை. மண்ணில் கூடு கட்டும் கறையான், காய்ந்த மரத்துக்குள்ளேயே குடியிருக்கும் கறையான், உளுக்க வைக்கும் வண்டு என மூன்று வகை. பலகையில் குண்டூசித் துளை, கீழே டால்கம் பவுடர் மாதிரி மாவு என்றால் வண்டு. ரப்பர் மரம், மாமரம் மாதிரி மாவுச்சத்து உள்ள மரங்களில் அதற்குப் பிரியம் அதிகம். மாவுக்குப் பதிலாகக் கேழ்வரகு போலச் சின்னச் சின்ன மணிகள் கொட்டிக் கிடந்தால் காய்ந்த மரக் கறையான். இந்த இரண்டும் பெரும்பாலும் பலகையோடு, இல்லையென்றால் பழைய மேசை நாற்காலியோடு வீட்டுக்கு வருபவை. அண்டர்லே இவற்றை எதுவும் செய்யாது. போரிக், போராக்ஸ் மருந்தில் ஊறிய மரம் வாங்குவதுதான் வழி.

அண்டர்லேக்குச் சம்பந்தம் உள்ள ஆள் மண் கறையான். மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றும் ஈசல் இதன் குடும்பம்தான். வேலைக்காரக் கறையானுக்குத் தோல் மெல்லியது, வெளிக்காற்று பட்டால் வறண்டு செத்துவிடும். அதனால்தான் மண்ணும் எச்சிலும் குழைத்துக் குழாய் கட்டிக்கொண்டு அதற்குள்ளேயே நடக்கிறது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத விரிசல் போதும் அது தளத்தைத் தாண்ட. இருட்டு, ஈரம், அசையாத காற்று மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் அங்கே குழாய் கட்டும் வேலையும் மிச்சம். மரத்தரைக்கு அடியில் இருக்கும் இடுக்கு அதற்கென்றே கட்டிக்கொடுத்த சுரங்கப்பாதை.

"நாலாவது மாடிக்கு எங்கேடா கறையான் வரப்போகுது?" என்று அக்கா சிரித்தாள். வரும். தூண் வழியாக, பைப் இறங்கும் டக்ட் வழியாக ஏறும். பாத்ரூமில் ஓயாத ஒழுகல் இருந்தால் மண்ணோடு தொடர்பே இல்லாமல் அங்கேயே கூடு வைத்துக்கொள்ளும் வகையும் உண்டு. அவர்கள் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்துத் தூண்களை டார்ச் அடித்து ஒரு சுற்று பார்த்தோம். மண்கோடு எதுவும் இல்லை. இந்த ஒரு காசு செலவில்லாத பரிசோதனையை மாடி வீட்டுக்காரர்கள் யாரும் செய்வதில்லை.

சின்ன விருந்தாளிகளும் உண்டு. புத்தகத்தை அரிக்கும் ராமபாணம், பூரான், கரப்பான். இவை மரத்தைத் தின்னாது, ஈர இடுக்கில் குடியிருக்கும், அவ்வளவுதான். ஈரத்தை நிறுத்தினால் இவை தானாகக் கிளம்பிவிடும்.

காகிதம், ஃபெல்ட், மரநார் அட்டை: வேண்டாம்

இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை. தார் தோய்த்த ஃபெல்ட் அமெரிக்காவில் மரத்தரைக்கு அடியில் காலங்காலமாகப் போடுவது. அங்கே வீடே மரச்சட்டத்தில் நிற்கிறது. ப்ளைவுட் தளத்துக்கும் பலகைக்கும் நடுவில் ஃபெல்ட் விரித்து ஆணி அடிக்கிறார்கள். இணையத்தில் அதைப் படித்துவிட்டு இங்கே கான்கிரீட் மேல் விரிப்பதுதான் கோளாறு. தாரும் இருக்கிறது, நாரும் இருக்கிறது என்றால் கறையான் நாரைத் தேடிக்கொள்ளும். தார் ஃபெல்ட் நீராவியின் வேகத்தைக் குறைக்குமே தவிர முழுக்க நிறுத்தாது. ஏ.சி. இல்லாத சித்திரை மதியத்தில் வாடையும் வரும். சத்தம் குறையும் என்று சொல்லி விற்கும் மரநார் அட்டையும் இதே கதைதான், அது ஈரம் குடித்து உப்பவும் செய்யும். மரம், காகிதம், பஞ்சு என்று எதிலிருந்து செய்ததானாலும் சென்னையில் தரைத்தளத்தில் அதற்கு வேலை இல்லை. எங்கள் வீட்டுப் பந்திக்கு இலை அதுதான்.

ஃபோமும் பாலித்தீனும்

கடைகளில் அதிகம் ஓடுவது வெள்ளை, நீல நிற ஃபோம் சுருள். 2 மி.மீ., 3 மி.மீ. கனத்தில் வருகிறது, விலையும் குறைவு. மூடிய குமிழ்களால் ஆனது என்பதால் தண்ணீர் குடிக்காது. ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கறையான் இதைத் தின்னாது என்பதும், கறையானை இது நிறுத்தும் என்பதும் வேறு வேறு. தின்னாத பொருளையும் கறையான் துளைத்துக்கொண்டு போகும். மின்வயர் உறையையே கடித்துத் துளைக்கிறதே, ஃபோம் எம்மாத்திரம்? "டெர்மைட் ப்ரூஃப்" என்று சுருளில் அச்சடித்திருந்தால் அதற்கு உணவாகாது என்று மட்டும் பொருள் கொள்ளுங்கள்.

மெத்தென்று இருக்கட்டும் என்று 5 மி.மீ. ஃபோம் கேட்கிறவர்களைக் கடையில் பார்த்தேன். நடக்கும்போது பலகை அமுங்கி எழ, நாளடைவில் ஒன்றோடொன்று மாட்டும் கிளிக் உதடுகள் உடைந்துவிடும். இரும்பு பீரோ நிற்கும் இடத்தில் ஃபோம் காகிதமாக நசுங்கிவிடும். 2, 3 மி.மீ.யில் அடர்த்தியான ரகம் வாங்குவது நல்லது. விரலால் அழுத்திப் பார்த்தால் உடனே வித்தியாசம் தெரியும்.

ஃபோம் ஈரத்தைக் குடிக்காதே தவிர, இரண்டு சுருள் சேரும் இடத்தில் ஆவி தாராளமாக மேலே வரும். ஆகவே அதன் அடியில் பாலித்தீன் ஷீட் தனியாக வேண்டும். 200 மைக்ரான், கடைக்காரர் பாஷையில் 800 கேஜ். தளம் ஊற்றும் முன் மேஸ்திரிகள் மண்மேல் விரிப்பார்களே, அதே சரக்கு. ஒரு ஷீட் மேல் இன்னொன்று ஒரு சாண் ஏற வேண்டும், சேரும் இடத்தில் நல்ல டேப் ஒட்ட வேண்டும், சுவரோரம் இரண்டு அங்குலம் மேலே மடித்து, சுவரடியில் ஓடும் பட்டையான ஸ்கர்டிங்குக்குப் பின்னால் போக வேண்டும். இந்த மடிப்பைத்தான் எல்லோரும் சோம்பேறித்தனமாக விட்டுவிடுகிறார்கள். நம் வீடுகளில் சுவரோரம்தான் ஈரம் அதிகம்.

இங்கேதான் நான் முன்னே சொன்ன வாளித் தண்ணீர் வருகிறது. பாலித்தீன் கீழிருந்து வருவதை நிறுத்துவது போலவே மேலிருந்து கொட்டியதையும் போகவிடாது. ஏ.சி. வடிகால் ஒழுகி இரண்டு நாள் தண்ணீர் பலகை இடுக்கில் இறங்கினால், ஷீட் ஒரு தொட்டியாகிப் பிடித்து வைத்துக்கொள்ளும். மரம் அந்தத் தொட்டியில் ஊறும். இதனால் ஷீட்டே வேண்டாம் என்று சொல்லும் ஆசாரி ஒருவரைப் பார்த்தேன். அவர் கவலை நியாயமானது, மருந்து தப்பு. ஷீட்டைப் போட்டுவிட்டு, பாத்ரூம் வாசலில் கிரானைட் படி ஒன்று உயர்த்தி வைத்து, ஏ.சி. பைப்பைச் சரிபார்த்துக்கொள்வதுதான் சரி. துடைப்பதும் பிழிந்த துணியாக இருக்க வேண்டும். அம்மாவிடம் இதைச் சொல்லும் பொறுப்பை அப்பாவிடம் விட்டிருக்கிறேன்.

இந்த ஜோடியின் பெரிய லாபம், பலகை எதிலும் ஒட்டாமல் மிதக்கிறது என்பது. கெட்டுப்போனால் ஒரு ஓரத்திலிருந்து கழற்றிக்கொண்டே வந்து பார்த்துவிடலாம். நஷ்டமும் அதுதான். மிதப்பதால் அடியில் எப்போதும் ஒரு மெல்லிய இடுக்கு இருக்கும்.

கார்க், ரப்பர் இரண்டையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கார்க் என்பது போர்ச்சுகல் பக்கம் விளையும் ஓக் மரம் ஒன்றின் பட்டை. காலுக்கு இதமானது, கீழ்வீட்டுக்குச் சத்தம் போகாது, நசுங்கினாலும் எழும்பி வரும். தண்ணீரை எளிதில் உறிஞ்சாது, ஆனால் ஈரத் தளத்தின்மேல் ஷீட் இல்லாமல் போட்டால் பூஞ்சை பிடிக்கும். கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருகிறார், கையில் காசும் இருக்கிறது என்றால் மாடியில் போடலாம். தரைத்தள வீட்டில் நான் போடமாட்டேன். பழைய டயரை அரைத்துச் செய்யும் ரப்பர் ஷீட் ஈரத்துக்கு அசையாது, கனமானது, அறையை மூடி வைத்தால் டயர் கடை வாடை வரும். உடற்பயிற்சி அறைக்கு நல்லது. படுக்கையறைக்கு ஏன்?

ரீப்பர் அடித்து ப்ளைவுட்

பழைய கை ஆசாரிகள் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள். தளத்தின்மேல் ரீப்பர் கட்டைகளை வரிசையாக ஸ்க்ரூ செய்து, அதன்மேல் 12 மி.மீ. மரைன் ப்ளை, அதன்மேல் பலகை. அசல் கெட்டி மரப்பலகையை ஆணி அடித்துப் போட வேண்டுமென்றால் இதுதான் வழி. நடந்தால் வரும் அந்தச் சத்தமும் துள்ளலும் வேறு எதிலும் வராது. நாட்டியப் பயிற்சி அறைக்கு என்றால் நானே இதைத்தான் சொல்வேன், ஜதிக்குத் தட்டும் காலுக்கு அடியில் தரை கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும்.

ஆனால் ஈரத்தையும் கறையானையும் வைத்துப் பார்த்தால் இதைப் போல ஆபத்தான அமைப்பு வேறில்லை. ரீப்பருக்கும் ரீப்பருக்கும் நடுவில் அறை முழுக்க வெற்றிடம். இருட்டு, காற்றோட்டம் இல்லை, சுற்றிலும் மரம். ரீப்பராக வருவது பெரும்பாலும் கிடைத்த மட்ட மரம், அதில் பாதி வெளிவெட்டு, அதாவது பட்டையை ஒட்டிய இளமரம். பாலித்தீன் விரித்துவிட்டு ரீப்பர் அடித்தால் ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஷீட்டில் ஒரு ஓட்டை. நூறு ஓட்டை போட்ட குடையைப் பிடித்துக்கொண்டு மழையில் நிற்பது மாதிரி.

மரைன் ப்ளை விஷயத்தில் ஒரு தெளிவு வேண்டும். ஐ.எஸ். 710 (இந்தியத் தர எண்) முத்திரை உள்ள ப்ளை 72 மணி நேரம் கொதிநீரில் போட்டாலும் பசை விடக்கூடாது, மரத்துக்குப் பூச்சி மருந்தும் ஏற்றியிருக்க வேண்டும். ஐ.எஸ். 303-இல் வரும் எம்.ஆர். ரகம் லேசான ஈரத்தை மட்டும் தாங்கும், தளத்துக்கு அது ஆகாது. "வாட்டர்ப்ரூஃப் ப்ளை சார்" என்றால் பசை பிரியாது என்று மட்டும்தான் அர்த்தம். கறையானுக்கு அந்தப் பசையைப் பற்றிக் கவலையே இல்லை. முத்திரையைப் பார்த்து வாங்குங்கள். அது உண்மை முத்திரையா என்பதைத்தான் நம்பகமான கடையாகப் பார்த்துத் தீர்க்க வேண்டியிருக்கிறது. ப்ளைக்குப் பதிலாக சிமென்ட் ஃபைபர் போர்டு போடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். கறையான் தொடாது, ஈரத்துக்கும் உப்பாது, நல்லதுதான். ஆனால் ஆணி பிடிக்காது. ஆணிக்காகத்தானே ப்ளை போடுகிறோம்?

சென்னையின் பழைய வீடுகளை நினைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. மயிலாப்பூரிலும் ஜார்ஜ் டவுனிலும் மெட்ராஸ் டெரஸ் கூரைக்குத் தேக்கு உத்தரங்களை வரிசையாகப் போட்டு அதன்மேல் செங்கல் அடுக்கினார்கள். மரம் தலைக்கு மேல் இருந்தது, காற்றாடியது, தினமும் கண்ணில் பட்டது. காலடியில் செங்கல், கடப்பைக் கல், சிவப்பு ஆக்ஸைடு. அவர்கள் உத்தரத்திலும் கறையான் ஏறியதுண்டு, சுவருக்குள் புதைந்த முனையில். அதாவது, கண்ணுக்குத் தெரியாத ஒரே இடத்தில்.

தளத்தில் நேராக ஒட்டுவது

கடைசி வழியில் அண்டர்லே என்று தனியாக எதுவும் இல்லை. சிமென்ட் தளத்தைத் தேய்த்துச் சமமாக்கி, விரிசல்களை அடைத்து, ஈரம் தடுக்கும் இரண்டு பாக எப்பாக்ஸி பூச வேண்டும். இரண்டாவது கை காயும் முன் அதன்மேல் பொடி மணல் தூவினால் பசைக்குப் பிடிமானம் கிடைக்கும். பிறகு, காய்ந்தாலும் ரப்பர் போல இழுபடும் பாலியூரிதேன் பசையைப் பல்கரண்டியால் முழுக்கப் பரப்பி இன்ஜினியர்டு பலகையை (மெல்லிய நல்ல மரத்தின் அடியில் வேறு மரத்தை அடுக்கி ஒட்டியது) ஒட்டுவது. வெறும் வெள்ளைப் பசை கூடாது, அதில் தண்ணீர் இருக்கிறது.

இதில் செலவு அதிகம், கைவேலை சுத்தம் வேண்டும், பசை காயும்வரை வாடை இருக்கும். கழற்றுவதென்றால் உளியும் சுத்தியலும்தான். ஆனால் இடுக்கு இல்லை. பலகையின் அடி முழுக்கப் பசை, பசைக்கு அடியில் எப்பாக்ஸி, அதற்கு அடியில் கான்கிரீட். கறையான் வரக்கூடிய ஒரே பாதை, மரம் விரிவதற்காகச் சுவரோரம் விடும் 10, 12 மி.மீ. இடைவெளி. அந்த ஒரு கோட்டை மட்டும் காவல் காத்தால் போதும். தரைத்தள வீட்டுக்கு இதை நான் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான். ஈரத்துக்கும் இதுதான் பலம், ஆனால் அது எனக்கு இரண்டாம் பட்சம்.

கெட்டிப் பலகையை இப்படி ஒட்டத் துணிய வேண்டாம். ஈரம் ஏறி இறங்கும்போது அது இழுக்கும் இழுப்புக்குப் பசை தாங்காது. குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய இன்ஜினியர்டு பலகை அடங்கி நிற்கும். ஆனால் மேலே தேக்கு என்பதால் தேக்குத் தரை என்று மயங்கிவிடாதீர்கள். மேலே இருப்பது 3, 4 மி.மீ. தேக்கு, நடுவில் இருப்பது வேறு ஏதோ மென்மரம். கறையான் மேல்தோலை விட்டுவிட்டு நடுவைத் தின்னும். தேக்கிலும் வைரம், அதாவது முற்றிய நடுமரம்தான் தாங்கும், வெளிவெட்டு தாங்காது.

போடுவதற்கு முன்

எந்த வழி என்று முடிவு செய்வதற்கு முன்னால், தளத்தில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலித்தீன் துண்டு ஒன்றை விரித்து நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டுவிடுங்கள். மறுநாள் எடுத்தால் அடியில் நீர்த்துளி இருக்கிறதா, சிமென்ட் கறுத்திருக்கிறதா என்று தெரிந்துவிடும். வேர்த்திருந்தால் தளம் தயாராகவில்லை. வேர்க்காவிட்டால் முழு நிம்மதி என்றும் இல்லை, ஆழத்து ஈரம் இதில் தெரியாது. முடிந்தால் தளத்தில் துளையிட்டு அளக்கும் ஈரமானியோடு ஒருவரைக் கூப்பிடலாம். புதுத் தளம் என்றால் அங்குலத்துக்கு ஒரு மாதம் காய வேண்டும் என்பது பழைய கணக்கு, மழைக்காலத்தில் அதுவும் போதாது. இதையெல்லாம் மாசி, பங்குனியில் செய்து பார்த்துவிட்டு எல்லாம் சரி என்று நினைப்பது நம் ஊரில் ஒரு பெரிய ஏமாற்றம். எங்கள் தளம் பங்குனியில் வேர்க்கவில்லை, கார்த்திகையில் வேர்த்தது.

கறையான் மருந்து மரம் போடுவதற்கு முன் அடித்தாக வேண்டும், பின்னால் என்றால் உங்கள் தேக்கில்தான் துளை போடுவார்கள். கட்டிய வீட்டுக்கு ஐ.எஸ். 6313 சொல்வது எளிமையானது: சுவரும் தரையும் சேரும் கோட்டில் அடிக்கு ஒரு துளை, 12 மி.மீ. அகலம், துளைக்கு ஒரு லிட்டர்வரை மருந்து, பிறகு சிமென்ட் வைத்து அடைப்பு. மருந்து குளோர்பைரிபாஸ் என்றால் வாடை பல நாள் நிற்கும். இமிடாகுளோபிரிட் வாடை இல்லாதது, கறையானுக்கும் அது இருப்பது தெரியாது, மேலெல்லாம் பூசிக்கொண்டு கூட்டுக்குள் போய்ச் சேர்க்கும். நான் பின்னதைச் சொன்னேன். எதைச் சொன்னாலும் சம்ப் எங்கே இருக்கிறது என்பதை முதலில் காட்டிவிடுங்கள். பாதி சென்னை வீடுகளில் குடிநீர் சம்ப் வாசல் அறையை ஒட்டித்தான் இருக்கிறது. எங்கள் வீட்டில் அந்தப் பக்கத்துச் சுவரை மட்டும் மருந்தில்லாமல் விட்டுவிட்டு விரிசலை எப்பாக்ஸியால் நிரப்பினோம்.

எதை எங்கே போட்டோம்?

அக்கா வீட்டில் ஏற்கனவே விட்ரிஃபைடு டைல் இருக்கிறது. அந்த டைல் அரை சதவீதம்கூடத் தண்ணீர் குடிக்காது, ஆனால் இணைப்புகள் குடிக்கும். டைலை உடைக்காமல் அதன்மேலேயே 800 கேஜ் ஷீட், 2 மி.மீ. அடர்த்தி ஃபோம், மேலே கிளிக் பலகை. மூன்று மீட்டருக்கு 5 மி.மீ.க்கு மேல் ஏற்ற இறக்கம் இல்லை என்று மட்டக்கட்டை வைத்துப் பார்த்துக்கொண்டோம். பிடிக்காவிட்டால் நாளைக்கே கழற்றிவிட்டுப் பழைய டைலுக்குத் திரும்பலாம். மாமாவுக்கு அந்த வாய்ப்புதான் ரொம்பப் பிடித்திருந்தது.

அப்பா அறைக்கு முதலில் மரமே வேண்டாம் என்றுதான் சொன்னேன். 2015 டிசம்பரில் அந்தத் தெருவில் முழங்கால் தண்ணீர். 2023 மிக்ஜாம் புயலிலும் வாசல்படிவரை வந்தது. வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும் என்றால் அண்டர்லே ஒப்பீடெல்லாம் வீண் பேச்சு. அப்படிப்பட்ட பகுதியில் தரைத்தளத்தில் இருப்பவர் யாராவது என்னிடம் கேட்டால் டைலோ சிவப்பு ஆக்ஸைடோ போடுங்கள் என்பேன். அப்பா கேட்கவில்லை. டைல் முட்டிக்குக் குளிர்கிறது, வழுக்குகிறது, இரவில் எழுந்து நடக்கும்போது பயமாக இருக்கிறது என்றார். எழுபத்து மூன்று வயதில் அவர் சொல்லும் காரணத்துக்கு என்னிடம் பதில் இல்லை. வெளியே மண்ணை வெட்டி எடுத்தோம், கறிவேப்பிலை தொட்டிக்குப் போனது, துளை போட்டு மருந்து விட்டோம், மழைக்காலம் முடியும்வரை காத்திருந்து தை மாதம் எப்பாக்ஸி பூசி இன்ஜினியர்டு பலகையை ஒட்டினோம்.

ஸ்கர்டிங்கை மட்டும் ஒட்ட விடவில்லை. பித்தளை ஸ்க்ரூ போட்டுத்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். ஆசாரிக்கு வருத்தம், தலை தெரியுமே என்று. இருபத்தாறு ஸ்க்ரூ. புரட்டாசி பிறந்ததும் அப்பா ஸ்க்ரூடிரைவரும் டார்ச்சுமாகத் தரையில் உட்கார்ந்து, ஒரு பக்கச் சுவருக்கு ஒரு நாள் என்று நாலு நாள் கழற்றிப் பார்க்கிறார். போன தடவை ஒரு கரப்பான் மட்டும் ஓடியது.